முதலில் அவருக்கு

கார் சீட்டுக்கு உறை தைக்கும் கடை அது. கடை என்று பெயர்தானே தவிர, ஒரு தையல் மிஷின், ஒரு வெட்டும் மேஜை, சுருட்டி நிறுத்திய ரெக்ஸின் கட்டுகள், இவை போக மிச்சமிருந்த இடத்தில் இரண்டு பேர் உட்காரலாம். மூன்றாவது ஆள் வந்தால் யாராவது ஒருவர் எழுந்திருக்க வேண்டும். அந்த இரண்டு பேரும் கணவன் மனைவி. அவரை எல்லாரும் முதலாளி என்பார்கள், அவளை மிஷின்காரம்மா என்பார்கள். அளவெடுப்பது, வெட்டுவது, தைப்பது, தைத்தது சரியில்லை என்றால் பிரித்துத் திரும்பத் தைப்பது எல்லாம் மிஷின்காரம்மா. தைத்த உறையை சீட்டின் மேல் இழுத்து மாட்டி, தட்டிக் கொடுத்து, "பாத்தீங்களா, ஒரு சுருக்கம் இருக்கா?" என்று வந்தவரிடம் கேட்பது முதலாளி.

முதலாளி கெட்டவர் இல்லை. குடி கிடையாது, கை நீட்டிய பழக்கம் கிடையாது, கோபம் வந்தால்கூட சாப்பிடாமல் இருப்பாரே ஒழியக் கத்த மாட்டார். கெட்டவராக இருந்திருந்தால் இந்தக் கதையைச் சொல்வது சுலபமாக இருந்திருக்கும்.

ரெக்ஸின் கனமான சரக்கு. ஒரு முனை மிஷினில் ஓடும்போது மறுமுனையை யாராவது தாங்கிப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் தையல் கோணிவிடும். அதனால் அவள் ஸ்டூலை ஒட்டித் தரையில் அவர் உட்கார்ந்திருப்பார். வீடும் கடைக்கு மேலேயே, ஒற்றை அறை. இருபத்தாறு வருடத்தில் இருவருக்கும் நடுவே ஆறடிக்கு மேல் இடைவெளி விழுந்தது அவர் டீ குடிக்கப் போகிற நேரத்தில் மட்டும்தான். இந்த ஆறடியை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் அதற்கு வேலை இருக்கிறது.

எதுவானாலும் முதலில் அவருக்கு என்பது அவள் கணக்கு. வெந்நீர் முதலில் அவருக்கு, தட்டு முதலில் அவருக்கு, மின்விசிறி முதலில் அவர் பக்கம். ஒரே வாரத்தில் இருவருக்கும் பல்வலி வந்தபோது பல் டாக்டரிடம் முதலில் அவர் போனார். அவளுக்கு முறை வருவதற்குள் பல் ஆடி ஆடித் தானாகவே விழுந்துவிட்டது. "செலவு மிச்சம்" என்று அதைப் பத்து வருடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். யாரும் அவளை அப்படி இருக்கச் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை.

அந்த வருடம் ஊரையே போட்டு உலுக்கிய காய்ச்சல் இருவரையும் ஒன்றாகப் படுக்க வைத்தது. காய்ச்சல் போய்விட்டது, ஆனால் போகிற போக்கில் இரண்டு பேர் நெஞ்சிலும் கை வைத்துவிட்டுப் போனது. துடிப்பு சீராக இல்லை, விடாமல் கவனிக்க வேண்டும் என்றார் பெரிய டாக்டர். அப்படிப்பட்டவர்களுக்காக ஆஸ்பத்திரியில் புதிதாக ஒரு ஏற்பாடு வந்திருந்தது. பாதித் தீக்குச்சி நீளத்தில் ஒரு சென்சாரை நெஞ்சுத் தோலுக்கு அடியில் வைத்துத் தைத்துவிடுவார்கள். அது உள்ளே இருந்தபடியே துடிப்பைக் கேட்டு, கம்பி கிம்பி எதுவும் இல்லாமல், கையில் கட்டிய பட்டைக்குச் சொல்லும். பட்டை போனுக்குச் சொல்லும், போன் ஆஸ்பத்திரிக்குச் சொல்லும். அங்கே ஒரு அறையில் இரண்டு பெண்கள் திரையைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். சென்சாரின் குரல் மட்டும் ரொம்பச் சன்னம். ஆறடிக்குள் பட்டை இருந்தால் கேட்கும், தாண்டினால் கேட்காது. அப்புறம் சொல்லலாம் என்று சேர்த்து வைக்கிற பழக்கமும் அதற்கு இல்லை. கேட்க ஆள் இல்லாத நேரத்தில் அது சொன்னதெல்லாம் காற்றோடு போயிற்று.

சென்சார் வைத்த அன்று ஒரு நாள்தான் அவள் முந்திக்கொண்டாள், அதுவும் தெரிந்து செய்ததில்லை. ரத்தப் பரிசோதனைச் சீட்டு அவளுடையது முன்னால் வந்துவிட்டது.

"அவருக்கு முதல்ல பண்ணிடுங்களேம்மா" என்று நர்ஸிடம் கெஞ்சிப் பார்த்தாள்.

"லிஸ்ட்படிதாங்க. நீங்க பதினொண்ணு, அவர் பன்னெண்டு. வந்து படுங்க."

மனசே இல்லாமல் போய்ப் படுத்தாள்.

பத்து நாள் கழித்துப் பட்டை கட்டக் கூப்பிட்டார்கள். பட்டை கட்டிய டெக்னீஷியன் வழுக்கைத் தலைக்காரர். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, அதையே மேஜை முழுக்கத் தேடுகிற ஆள். அவர் முன்னால் பதினொன்று, பன்னிரண்டு என்று எண் ஒட்டிய இரண்டு டப்பாக்கள் வரிசையாக இருந்தன. எந்தப் பட்டை எந்த சென்சாரின் பேச்சைக் கேட்க வேண்டும் என்பது முன்கூட்டியே பதிந்து வந்திருந்தது. பெயர் மட்டும் கிடையாது. கட்டும்போது எதிரில் உட்கார்ந்திருப்பவரிடம் கேட்டு டெக்னீஷியன்தான் ஏற்ற வேண்டும்.

"அடுத்து யாரு? வாங்க" என்றார்.

எழுந்திருக்க வேண்டியவள் அவள். எழுந்திருக்கவும் செய்தாள். எழுந்து, கணவரின் முதுகில் கை வைத்து அவரை முன்னால் நகர்த்தினாள்.

"முதல்ல அவருக்குப் போடுங்க சார்."

பதினோராம் பட்டை அவர் கையில் ஏறியது, அவர் பெயர் அதில் ஏறியது. பன்னிரண்டாவது அவளுக்கு. எண்ணைப் பார்த்திருக்க வேண்டிய கண்ணாடி நெற்றியில் இருந்தது.

சரிபார்க்க வழி இல்லாமல் இல்லை. பட்டைக்குத் தன் சென்சாரின் குரல் கேட்டால் பச்சை விளக்கு எரியும். இரண்டிலும் பச்சை எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் தோளோடு தோள் உரச உட்கார்ந்திருந்தார்கள். வேறு எந்தத் தம்பதியாக இருந்தாலும், ஆளுக்கொரு பக்கம் வேலைக்குப் பிரிந்த முதல் நாளே விளக்கு அணைந்து குட்டு வெளிப்பட்டிருக்கும். இவர்கள் பிரிந்தால்தானே? அவர் டீக்கடைக்குப் போன கால் மணி நேரம் சிக்னல் அறுந்தாலும், திரும்பி வந்ததும் ஒட்டிக்கொண்டது. அரை நாள் அறுந்தால்தான் ஆஸ்பத்திரியில் கவலைப்படுவார்கள். அவள் நெஞ்சு சொன்னதை அவர் கை கேட்டது, அவர் நெஞ்சு சொன்னதை அவள் கை கேட்டது. கேட்க என்னவோ அழகாகத்தான் இருக்கிறது. ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரில் அவள் உயிர் அவர் பெயரில் ஓடிக்கொண்டிருந்தது.

ஏழு மாதம் ஒரு குறையும் இல்லை. எட்டாம் மாதம் ஒரு காலை, அவள் ஸ்பாஞ்சுக் கட்டு ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறினாள். முதலாளி கையை வீசிக்கொண்டு பின்னாலேயே வந்தார். பாதிப் படியில் அவளுக்குக் கண் இருட்டியது. நெஞ்சுக்குள் யாரோ சுவிட்சை அணைத்துப் போட்டதுபோல் இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன, நடு வழியில நின்னுட்ட?"

"ஒண்ணுமில்லங்க" என்று மறுபடி ஏறினாள்.

கட்டை இறக்கி வைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஆஸ்பத்திரிப் பெண் முதலாளியிடம் பேசினாள்.

"சார், உங்க ரீடிங்க பார்த்தோம். இப்பத்தான் கொஞ்சம் முன்னாடி உங்க துடிப்பு மூணு செகண்ட் நின்னுட்டுத் திரும்ப வந்திருக்கு. உடனே படுத்துக்கங்க. ஏதாவது கனமா தூக்கினீங்களா?"

"நான் ஒண்ணுமே தூக்கலையேம்மா" என்றார் முதலாளி. அவர் வாழ்க்கையில் சொன்ன பொய்யில்லாத வார்த்தைகளில் அதுவும் ஒன்று.

போனை வைத்ததும் அவர் தரையில் உட்கார்ந்து, தன் நாடியைத் தானே பிடித்துப் பார்த்தார். துடிப்பு நின்றது என்று காதால் கேட்ட பிறகு யாருக்குத்தான் உடம்பு நன்றாக இருக்கும்? அவள் தன் கண் இருட்டியதை அந்த நிமிடமே மறந்தாள். அவரைப் படுக்க வைத்தாள், கால் பிடித்துவிட்டாள், அக்காவுக்குச் சொல்லி அனுப்பினாள். அவருடைய அக்கா, அதாவது இவளுடைய நாத்தனார், மறுநாளே பெட்டியோடு வந்து இறங்கினாள்.

அன்றிலிருந்து முதலாளி நோயாளி. கண் பார்வையிலேயே இருக்கட்டும் என்று வெட்டும் மேஜையை வாசலுக்குத் தள்ளிவிட்டு, கட்டிலை மிஷினுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து போட்டாள் மிஷின்காரம்மா. வேலை நிற்கவில்லை. இழுத்து மாட்டுவதும் இப்போது அவள்தான், உறை நழுவாமல் கம்பி வளையம் போட்டு முறுக்குவதும் அவள்தான். சீட்டுக்குள் ஒரு முட்டியை ஊன்றி உறையை இழுக்கும்போது கண் இருட்டும். கொஞ்ச நேரத்தில் போன் அடிக்கும். சார் இன்னும் நன்றாக ஓய்வெடுக்க வேண்டும் என்பார்கள். அவர் இன்னும் நன்றாக ஓய்வெடுப்பார். அவர் விட்ட வேலையும் இவள் தலையில் விழும், இவளுக்கு இன்னும் அடிக்கடி கண் இருட்டும், இன்னும் அடிக்கடி போன் அடிக்கும். இப்படி ஒரு செக்கை ஆண்டவன்கூட யோசித்துச் செய்திருக்க மாட்டான்.

"எந்தத் தொந்தரவும் தெரியலையே எனக்கு" என்று முதலாளி ஒரு தரம் சந்தேகப்பட்டார்.

"தெரியாமலே வர்றதுதான் தம்பி பயங்கரம்" என்றாள் அக்கா. அதையும் சரியாகத்தான் சொன்னாள்.

ஒருநாள் வாசல் மேஜையில், கட்டிலுக்கு ஆறடி தாண்டி நின்று வெட்டிக்கொண்டிருக்கும்போது கத்தரி கையிலிருந்து நழுவி விழுந்தது. அவள் குனிந்து எடுக்கவில்லை, கூடவே விழுந்தாள். எழுந்து உட்கார்ந்தபோது எவ்வளவு நேரம் கிடந்தோம் என்று தெரியவில்லை. அவர் கட்டிலில் நல்ல தூக்கத்தில் இருந்தார், நாத்தனார் மாடியில் இருந்தாள். அவள் யாருக்கும் சொல்லாமல், வாழ்க்கையில் முதல் தடவையாகத் தனக்காக ஒரு போன் போட்டாள்.

"எனக்கு அடிக்கடி கிறுகிறுன்னு வருதும்மா. இன்னிக்கு விழுந்தே போயிட்டேன்."

"உங்க பேர்ல பார்க்கறேம்மா, ஒரு நிமிஷம்" என்றாள் அந்தப் பக்கத்துப் பெண். விசைகள் தட்டுகிற சத்தம் கேட்டது. "அருமையா ஓடுதும்மா! ஒரு குறையும் இல்ல. வீட்டுக்காரரைப் பார்த்துக்கற அலைச்சல்ல நீங்க ஒழுங்கா சாப்பிடறதில்லைன்னு நினைக்கறேன். நேரத்துக்குச் சாப்பிடுங்க."

அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. நல்லா இருக்கிற உடம்பை வைத்துக்கொண்டு, அங்கே உயிருக்குப் போராடுகிற மனுஷனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இதற்குப் போய் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். தூரத்தில் கட்டிக்கொடுத்த மகள் வாரம் தவறாமல் பேசுவாள். அன்று பேசியபோதும் முதல் கேள்வி "அப்பா எப்படி இருக்காரு?" என்பதுதான். அதற்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் மகளுக்கு வேறு வேலை வந்துவிட்டது.

பத்தாம் மாதம் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கேதான் வேடிக்கை. காலையில் பெரிய டாக்டர் நெஞ்சில் கம்பி ஒட்டி எடுத்த இ.சி.ஜி. பழுதில்லாமல் இருந்தது. "வந்து வந்து போற கோளாறு. நாம பார்க்கும்போது காட்டாது. அதுக்காகத்தான் உள்ளேயே ஆள் வச்சிருக்கோம்" என்று டாக்டர் சொன்னார். உள்ளே வைத்த ஆள் என்னவோ அந்த நேரத்தில் கடையில் தைத்துக்கொண்டிருந்தது. பட்டையில் பச்சை விளக்கு இல்லை. நர்ஸ் அதைத் துடைத்துப் பார்த்தாள், இறுக்கிப் பார்த்தாள், 'பட்டை தளர்வு' என்று எழுதி வைத்தாள். மத்தியானம் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு மூன்று மாடி ஏறி மிஷின்காரம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நிற்பாள். பச்சை எரியும். மறு நிமிடமே, ஏறி வந்த களைப்பில் அவள் நெஞ்சு ஒரு துடிப்பு, இரண்டு துடிப்பு தவறவிடும். வார்டில் சேர்த்ததும் சத்தம் வைத்துவிட்டிருந்த அவர் கைப்பட்டை கூச்சலிடும்.

மூன்றாம் நாள் நர்ஸ் சிரித்துக்கொண்டே சொன்னாள். "நானும் பார்த்துட்டேன்மா. நீங்க வந்தாத்தான் இது கத்துது. நீங்க போனா மூச்சு விடாது. வீட்ல சாரை ரொம்ப மிரட்டுவீங்களோ?"

பாவம், உலகத்திலேயே அந்த நர்ஸ் ஒருத்திதான் உண்மைக்கு அவ்வளவு பக்கத்தில் வந்தவள். வந்து, சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

நாத்தனார் சிரிக்கவில்லை. "கேட்டியா? நான் வாயைத் திறந்து சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். நீ வந்து அந்தக் கடைக் கவலையெல்லாம் மூஞ்சியில வச்சுக்கிட்டு நிக்கற. அவனுக்குத் தாங்கல. கொஞ்ச நாளைக்கு நீ கிட்ட வராதம்மா."

"சரிங்க அண்ணி" என்றாள் அவள்.

சாப்பாட்டை நாத்தனார் கையில் கொடுத்துவிட்டு, தாழ்வாரத்துக் கடைசியில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்துகொள்வாள். அங்கிருந்து திறந்த கதவு வழியாக அவர் கால் மட்டும் தெரியும். அவர் பட்டை கத்தவே இல்லை. "பாத்தியா, எவ்வளவு நிம்மதியா இருக்கான்" என்றாள் நாத்தனார். அவளுக்கு அழுகை வந்தது. தான்தான் அவர் நோய் என்று அவள் நம்பிவிட்டாள். அந்த நான்கு நாளும் பெஞ்சில் எத்தனை தடவை அவள் நெஞ்சு நின்று நின்று ஓடியது என்பது யாருக்கும் தெரியாது. கேட்க ஒரு பட்டை பக்கத்தில் இல்லை.

அவள் கையில் இருந்த பன்னிரண்டாவதும் ஊமையாகத்தான் கிடந்தது. அதற்கும் போன் வந்தது. "உங்க பட்டையைக் கழட்டி வச்சுட்டீங்களாம்மா?" என்றாள் ஒரு பெண். "கையிலதாம்மா இருக்கு" என்று சொல்லி, தோலில் தடம் விழுகிற அளவுக்கு அதை இறுக்கினாள். அதே அறையில் இன்னொரு பெண் அதே நேரத்தில் வார்டுக்குப் போன் போட்டு, "உங்க பட்டையைக் கழட்டி வச்சுட்டீங்களா சார்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஆண்கள் பட்டியல் ஒருத்திக்கு, பெண்கள் பட்டியல் ஒருத்திக்கு. முதுகோடு முதுகு ஒட்டித்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி திரும்பியிருந்தால் போதும். அன்று திரும்ப வேலை வரவில்லை.

பழைய ரீடிங்குகளைக் கூட்டிப் பார்த்து, அவருக்கு பேஸ்மேக்கர் வைக்க முடிவு செய்தார்கள். துடிப்பு தவறுகிற நேரத்தில் உள்ளிருந்தே தட்டி எழுப்புகிற கருவி. சம்மதப் பத்திரத்தில் அவள்தான் கையெழுத்துப் போட்டாள். போடும்போது மறுபடி கண் இருட்டி, எழுத்து கோட்டைத் தாண்டி மேலே ஏறிவிட்டது. "பாத்துப் போடும்மா, உன் புருஷன் உயிர்" என்றாள் நாத்தனார்.

அவளுக்கு வேண்டியதை அவர் நெஞ்சில் வைத்துத் தைத்து, பத்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். தோளுக்குக் கீழே ஒரு சின்ன மேடு. இனிமேல் பயமில்லை, மனைவி பக்கத்தில் இருக்கலாம் என்று டாக்டரே சொன்னார். அதைக் கேட்டபோது அவள் முகம் எப்படி மலர்ந்தது என்று பார்த்தவர்கள் பிறகு சொல்லிச் சொல்லி மாய்ந்தார்கள். கட்டில் மறுபடி மிஷினுக்குப் பக்கத்தில் வந்தது. அவளுக்கும் ஒரு நல்ல செய்தி வந்தது. "அம்மா, உங்க ரீடிங் முன்னையவிட இன்னும் நல்லா இருக்கு. கடிகாரம் மாதிரி ஓடுது" என்றாள் போன் பெண். ஓடாதா பின்னே? அவர் நெஞ்சைக் கருவி அல்லவா ஓட்டிக்கொண்டிருந்தது.

பதினோராம் மாதம் ஆஸ்பத்திரி அறையில் கொஞ்சம் சலசலப்பு. பேஸ்மேக்கர் வைத்த மனிதருக்கு ஏழு செகண்ட் துடிப்பு நின்றதாகத் திரை சொல்லியது. அது நடக்கவே முடியாத காரியம். அவரை வரவழைத்துக் கருவியைச் சோதித்தார்கள், கருவி நன்றாக இருந்தது. அப்படியானால் பட்டைதான் பழுது, மாற்றிவிட்டு வா என்று டெக்னீஷியனை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வந்தவர் அதே வழுக்கைத் தலைக்காரர். மத்தியானம் மூன்று மணி இருக்கும். மறுநாள் கொடுக்க வேண்டிய ஒரு பின் சீட்டு உறையை அவள் தைத்துக்கொண்டிருந்தாள். முகம் வெளிறிப்போய், உதடு காய்ந்து இருந்தாள். நாத்தனார் டீ போட மாடிக்குப் போயிருந்தாள். ஆஸ்பத்திரி ஆள் வாசல் தேடி வந்திருக்கிறார், கேட்கலாமா வேண்டாமா என்று அவள் ஒரு நிமிடம் தயங்கினாள். பிறகு மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டே விட்டாள்.

"சார், எனக்கும் கொஞ்ச நாளா நெஞ்சு ஒரு மாதிரியா வருது. அதையும் கொஞ்சம் பார்க்க முடியுங்களா?"

"பார்க்கலாம்மா. முதல்ல இவரைப் பார்த்துடறேன்."

"ஆமாமா, முதல்ல அவரைப் பாருங்க" என்றாள் அவசர அவசரமாக. மறுபடி காலை மிஷின் பெடலில் வைத்தாள்.

டெக்னீஷியன் முதலாளியின் கையிலிருந்து பட்டையைக் கழற்றினார். பச்சை எரிந்தது. "சார், நீங்க அப்படியே டீக்கடை வரைக்கும் நடங்க. நீங்க தள்ளிப் போகப் போக இது அணையணும். எத்தனை அடியில அணையுதுன்னு பார்க்கறேன்" என்றார். முதலாளி நடந்தார். டீக்கடையைத் தாண்டினார். பக்கத்து மெக்கானிக் கடையையும் தாண்டினார். பச்சை அணையவில்லை. சின்னத் திரையில் துடிப்பு தட்டுத் தடுமாறி ஓடிக்கொண்டிருந்தது. டெக்னீஷியன் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி மூக்கில் மாட்டினார். பதினொரு மாதம் தாமதமாக அந்தப் பட்டையின் எண்ணைப் படித்தார்.

"இது யாரைக் கேட்டுக்கிட்டு இருக்கு?" என்று முணுமுணுத்தார்.

அந்த நேரத்தில்தான் திரையில் கோடு படுத்தது. பட்டை வீல் என்று அலறியது.

சத்தம் கேட்டு நாத்தனார் மாடியிலிருந்து ஓடிவந்தாள். நேராகத் தெருவுக்கு ஓடினாள். "தம்பி! ஐயோ, தம்பிக்கு நின்னுபோச்சே!" மெக்கானிக் ஸ்பானரைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். டீக்கடைக்காரர் ஓடிவந்தார். நன்றாக நடந்துகொண்டிருந்த மனிதரை நாலு பேர் பிடித்துத் தரையில் கிடத்தினார்கள். ஒருவர் நெஞ்சைத் தேய்த்தார், ஒருவர் முகத்தில் தண்ணீர் அடித்தார். "நின்னுருச்சா? எனக்கு நின்னுருச்சா?" என்று அவர் படுத்தபடியே கேட்டார். பயத்தில் அவர் கண் மேலே சொருகியது.

கடைக்குள் மிஷின் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. தையல் துணியைத் தாண்டிப் போய், ஊசி வெறும் தகட்டில் குத்திக் குத்தி உடைந்தது. அதற்குப் பிறகும் மோட்டார் ஓடியது. அவள் காலின் பாரம் பெடலில் அப்படியே இருந்தது. தலை ரெக்ஸின் மேல் இருந்தது. டெக்னீஷியன் "இங்க! இங்கம்மா! அந்தம்மாவுக்கு!" என்று தொண்டை கிழியக் கத்தினார். தெருவில் இருந்த ஒருத்தருக்கும் அது காதில் ஏறவில்லை. தனக்குத் தெரிந்த வரைக்கும் அவள் நெஞ்சைத் தனியாக அமுக்கிக்கொண்டே இருந்தார். ஆம்புலன்ஸ் வந்தது. ஒரே ஒரு ஸ்ட்ரெச்சர். "பேஷண்ட் யாரு?" என்று கேட்டார்கள். நாத்தனார் தெருவைக் காட்டினாள். அவரைத் தூக்கி ஏற்றி, கதவைச் சாத்தி, வண்டியை எடுத்த பிறகுதான், டெக்னீஷியன் குறுக்கே போய் விழுந்து நிறுத்தினார்.

அவரை இறக்கிவிட்டு அவளை ஏற்றினார்கள். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

டெக்னீஷியன் நடந்ததை நடந்தபடி நாலு பக்கம் எழுதிக் கொடுத்தார், தன் தப்பையும் சேர்த்து. பதினோராம் பட்டையைச் சாட்சியாக வைத்தார். அந்தக் காகிதம் மேலே போனது, கீழே வரவில்லை. நாத்தனார் "அவளுக்கு அவ்வளவுதான் ஆயுசு" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனாள். நெஞ்சில் வைத்ததை எடுத்துவிடலாமா என்று முதலாளி ஒரு தடவை பெரிய டாக்டரிடம் கேட்டார். "இருந்தா உங்களுக்கு என்ன கெடுதல்? பத்து வருஷம் பேட்டரி வரும்" என்றார் டாக்டர்.

முதலாளிக்குத் தைக்கத் தெரியாது. கடையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தரையில் இல்லை, அவள் ஸ்டூலில். அவள் தோட்டையும் கைப்பட்டையையும் ஒரு காகித உறையில் போட்டு ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்தார்கள். பட்டையை மிஷின் இழுப்பறையில் வைத்தார். வைத்ததும் பச்சை எரிந்தது. அவருடைய துடிப்புதான் அது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் திரையில் அவள் பெயர் வருகிறது. வாழ்க்கையில் எதற்கும் சார்ஜ் போட்டு அறியாத மனிதர், தினமும் காலையில் முகம் கழுவுவதற்கு முன்னால் அதற்கு சார்ஜ் போடுகிறார்.

இறந்தவர்களைப் பதிவது ஒரு கட்டடம், திரை பார்ப்பது வேறொரு கட்டடம். போன மாதம் மத்தியானத்தில் போன் வந்தது.

"சார், அம்மா இருக்காங்களா?"

முதலாளி இழுப்பறையைத் திறந்து பச்சை விளக்கைப் பார்த்தார். "சொல்லுங்க" என்றார்.

"மாசாமாசம் பேசறதுதான் சார், இடையில விட்டுப்போச்சு. அம்மாவோட ரீடிங் ரொம்ப அருமையா இருக்கு, கடிகாரம் மாதிரி ஓடுது. சொல்லிடுங்க. அப்புறம் சார், ஆள் குறைச்சுட்டாங்க, இப்ப ரெண்டு பட்டியலும் நான்தான் பார்க்கறேன். உங்க பேர்ல மாசக்கணக்கா ஒண்ணுமே வரலையே, என்னாச்சு?"

"அது நின்னுபோச்சும்மா" என்றார்.

"பட்டையா சார்? பரவாயில்ல, ஆள் அனுப்பறோம். அதுவரைக்கும் பயப்படாதீங்க. அம்மாதான் நல்லா இருக்காங்கல்ல, பக்கத்துலயே இருந்து உங்களைப் பார்த்துக்குவாங்க."